கைகலப்பு: இரண்டு பக்கமும் கை நீண்டிருந்தால்தான்

கேள்வி இது: “‘வாக்குவாதம் முற்றிக் கைகலப்பானது’ என்று பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறேன். கைகலப்பு என்றால் சரியாக என்ன? சண்டை, தகராறு, தள்ளுமுள்ளு, அடிதடி இவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது? கணவன் மனைவிக்கு இடையே நடப்பதைக் கைகலப்பு என்று எழுதலாமா?”

சுருக்கமான பதில் வேண்டுமென்றால் ஒரு வரி போதும். இரண்டு பேரோ இரண்டு தரப்போ ஆயுதம் எடுக்காமல், வெறுங்கையால், கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளி அடித்துக்கொள்வது கைகலப்பு. அகராதி அங்கேயே நின்றுவிடும். நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் இருபது வருடத்துக்கு மேல் நிருபர்கள் அனுப்பும் செய்திகளைத் திருத்தியவன். இந்தச் சொல்லை எத்தனை தடவை அடித்தேன், அடித்த இடத்தில் எத்தனை தடவை திரும்பப் போட்டேன் என்று கணக்கே கிடையாது. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கை, கலப்பு. பாலில் தண்ணீர் கலந்துவிட்டால் எது பால், எது தண்ணீர் என்று பிரிக்க முடியாது. அதுபோல யார் கை எது என்று தெரியாத அளவுக்குக் கைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதுதான் கைகலப்பு. இந்தச் சொல்லின் அழகும் அதுதான், ஆபத்தும் அதுதான். முதல் அடி யாருடையது என்ற கேள்வியை இது விழுங்கிவிடுகிறது. இருவரும் செய்தார்கள், இருவருக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பு எழுதியே கையில் கொடுக்கிறது. நான் கீழே எழுதப்போவது எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

தமிழில் கையை வைத்துச் சண்டையைச் சொல்ல வேறு வழிகளும் உண்டு. அவற்றில் எல்லாம் கை ஒருவருடையதாகவே இருக்கும். “கை நீட்டிட்டான்” என்றால் அடித்தவன் அவன். (அதே கை நீட்டுதல் கடன் கேட்பதற்கும், லஞ்சம் வாங்குவதற்கும் ஆகும். இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.) “கை வச்சுட்டான்” என்றாலும் அப்படியே; அது திருட்டுக்கும் போகும். “கை ஓங்கினான்” என்றால் அடிக்க வந்தான், அடி விழுந்ததா என்பது தெரியாது. “அவன் கை ஓங்கியது” என்று எழுதினால் வேறு அர்த்தம், அவன் பக்கம் ஜெயிக்கிறது என்று. கைகலப்பு மட்டும்தான் இரண்டு பேரின் கையையும் ஒரே சொல்லில் முடிச்சுப் போடுகிறது.

எழுத்து விஷயம் ஒன்று. கைக்கலப்பு என்று நடுவில் ‘க்’ போட்டு எழுதுகிறவர்கள் நிறைய. வேண்டாம். இது கைகலத்தல் என்ற வினையிலிருந்து வந்த பெயர். கைகழுவு, கைகூப்பு, கைகொடு, கைதட்டு இவற்றில் எப்படி ஒற்று மிகாதோ அப்படி. கைக்குட்டை, கைக்கடிகாரம், கைக்குழந்தை எல்லாம் வேறு குடும்பம். சந்தேகம் வந்தால் ‘கைபிடி’, ‘கைப்பிடி’ இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். மணமகளின் கையைப் பிடிப்பவன் கைபிடிக்கிறான். கதவில் இருப்பது கைப்பிடி.

சரி, மற்ற சொற்களிலிருந்து இது எங்கே பிரிகிறது? ஓர் ஊர் பஸ் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். கடைசி பஸ். ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்திருக்கிறார். இன்னொருவர் படி வழியாக ஏறி, துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டார். துண்டுக்காரர் மேலே வந்து பார்க்கிறார். முதலில் நடப்பது முறைப்பு. “ஏன்யா, துண்டு கெடந்துச்சே பாக்கலயா?” என்று ஆரம்பித்தால் பேச்சு. “துண்டு டிக்கெட் எடுத்துச்சா?” என்று பதில் வந்தால் வாக்குவாதம். அப்பா, தாத்தா எல்லாம் உள்ளே இழுக்கப்பட்டால் வாய்த்தகராறு. இதுவரைக்கும் கை வரவில்லை. ஊர்ப்பக்கம் இதற்கு ஒரு நல்ல அறிகுறி உண்டு: வேட்டியையோ லுங்கியையோ மடித்துக் கட்டினால் அடுத்த கட்டம் நெருங்கிவிட்டது. பேண்ட் போட்டவர்களிடம் சட்டைக் கையை மடித்துவிடுவதைப் பார்க்கலாம்.

அப்புறம் தோள் தோளை இடிக்கிறது, நெஞ்சு நெஞ்சை முட்டுகிறது, ஒருவர் தள்ளுகிறார், மற்றவர் திருப்பித் தள்ளுகிறார். இது தள்ளுமுள்ளு. தள்ளுமுள்ளுவுக்குப் பகை தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். ரேஷன் கடை வரிசையிலும், தேர்த்திருவிழாவிலும், மந்திரி வருகையிலும் யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லாமலே தள்ளுமுள்ளு ஏற்படும். கைகலப்புக்குக் கோபம் வேண்டும். துண்டுக்காரர் உட்கார்ந்தவரின் சட்டைக் காலரைப் பிடிக்க, அவர் இவர் கையை முறுக்க, ஒரு பொத்தான் தெறித்து விழுகிறது. அந்தப் பொத்தான் விழும் இடத்தில்தான் கைகலப்பு ஆரம்பம்.

கண்டக்டரும் நான்கு பேரும் சேர்ந்து இழுத்துப் பிரித்துவிட்டால் அது கைகலப்பாகவே முடியும். விலக்கிவிட வந்தவருக்கு ஓர் அடி நிச்சயம் விழும். எந்தக் கைகலப்பிலும் அதிக சேதாரம் அவருக்குத்தான் என்பது என் அனுபவம். பிடித்துக்கொண்டிருப்பவர்களிடம் “விடுங்கடா என்னை” என்று கத்துகிறவர் உண்மையில் விடச் சொல்லவில்லை என்பதும் ஊருக்கே தெரியும். ஆனால் யாரும் பிரிக்காமல், இருவரும் தரையில் கட்டிப் புரண்டு, உதட்டில் ரத்தம் வந்து, ஆளுக்கு இரண்டு பேர் சேர்ந்துகொண்டால் அது அடிதடி. அடிதடியில் தடி என்ற ஓசை இருக்கிறது பாருங்கள். கட்டை, செருப்பு, ஸ்டூல் என்று கையில் கிடைத்தது எல்லாம் உள்ளே வரலாம். அரிவாள் வந்துவிட்டால் வெட்டுக்குத்து. இரண்டு தெருவோ இரண்டு கட்சியோ அணி சேர்ந்தால் கோஷ்டி மோதல். பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர்களுக்கும் கோஷ்டி என்றுதான் பெயர். அந்தச் சாதுவான சொல் எப்படி இங்கே வந்து மாட்டிக்கொண்டது என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

இன்னொரு சோதனையும் செய்து பார்க்கலாம். அடிதடியைத் தொழிலாகச் செய்கிறவன் உண்டு. “அவன் அடிதடி பார்ட்டி” என்பார்கள். கைகலப்புக்காரன் என்று யாரையும் சொல்ல முடியாது. அது யாருக்கும் தொழில் கிடையாது. அந்த நேரத்துக் கோபம். பஸ்ஸில் சட்டை கிழித்துக்கொண்டவர்கள் மறுநாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகவும் வங்கியில் காசாளராகவும் இருப்பார்கள்.

பேச்சில் இந்தச் சொல் வருமா என்றால், குறைவுதான். வீட்டுக்கு வந்து “அம்மா, நானும் குமாரும் கைகலப்பில் ஈடுபட்டோம்” என்று எந்தப் பையனும் சொல்ல மாட்டான். “அடிச்சுக்கிட்டோம்” என்பான். அந்த ‘கிட்டோம்’தான் பேச்சுத் தமிழ் கைகலப்பைச் சொல்லும் வழி. ‘கொள்’ என்ற துணைவினை அங்கே ஒருவரையொருவர் என்ற வேலையைச் செய்கிறது. “அடிச்சான்” ஒரு பக்கம். “அடிச்சுக்கிட்டாங்க” இரண்டு பக்கம். திட்டிக்கிட்டாங்க, பிடிச்சுக்கிட்டாங்க, முறைச்சுக்கிட்டாங்க எல்லாம் இதே அச்சு. அந்தப் பையனின் அம்மா உடனே கேட்கும் கேள்வியையும் கவனியுங்கள்: “முதல்ல கை வச்சது யாரு?” ‘கிட்டோம்’ மறைத்துவிட்டதை அவள் தோண்டி எடுக்கிறாள். எங்கள் டெஸ்க்கில் இருந்த பலருக்கு அந்தத் தெளிவு இருந்ததில்லை.

பேச்சில் கைகலப்பு என்ற சொல்லே நேராக வருவது ஒருவர் நிகழ்ச்சியைச் செய்தி மாதிரிச் சொல்லும்போது. “கூட்டத்துல பேச்சு முத்தி கைகலப்பாயிடுச்சு சார்” என்று சங்கத் தேர்தல் முடிந்து வந்தவர் சொல்வார். முற்றுதல் இங்கே ரொம்பப் பொருத்தமான வினை. வெண்டைக்காய் முற்றுகிற மாதிரி, நோய் முற்றுகிற மாதிரி, உரிய நேரத்தில் பறிக்காமல் விட்டதால் வந்த வினை. ‘கைகலப்பு மூண்டது’ என்று எழுதினால் எனக்கு இடிக்கும். தீ மூளும், போர் மூளும். துண்டுச் சண்டைக்கு அவ்வளவு எடுப்பு வேண்டாம். ‘வெடித்தது’ கலவரத்துக்கு. கைகலப்பு ஏற்படும், ஆகும், கைகலப்பாக மாறும், கைகலப்பில் இறங்குவார்கள். இவ்வளவு போதும். ‘ஈடுபட்டனர்’ போலீஸ் குறிப்பிலிருந்து வந்தது. ‘சமூகப் பணியில் ஈடுபட்டனர்’ என்கிற மாதிரி ஒரு பக்தி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மற்ற சிறு சண்டைச் சொற்களில் பாதி வெளியிலிருந்து வந்து நம் வீட்டுப் பிள்ளைகள் ஆனவை. தகராறு அரபியில் ‘தக்ரார்’, அதாவது திரும்பத் திரும்பச் சொல்லுதல். உருது வழியாக இங்கே வந்து சேர்ந்தது. சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பதுதானே முக்கால்வாசித் தகராறு! இங்கே வந்ததும் அது இன்னும் பரந்துவிட்டது. “மோட்டார் தகராறு பண்ணுது”, “வயிறு தகராறு” என்று சண்டையே இல்லாத இடத்திலும் வரும். மலையாளத்தில் ‘தகரார்’ என்றாலே பழுது என்றுதான் முதலில் நினைப்பார்கள். லடாய் இந்துஸ்தானிச் சொல். ‘லடாயி’ அங்கே போருக்கும் ஆகும், சென்னையில் அது தெருச்சண்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. கன்னடத்தில் ‘ரகளெ’ என்றால் தொல்லை. அதே பெயரில் அங்கே ஒரு பாவகையும் உண்டு, சிவபக்தர்களின் கதையை 12ஆம் நூற்றாண்டில் ஹரிஹரன் ரகளெயில்தான் பாடினார். நம் ரகளைக்கும் அந்தத் தொல்லைக்கும் உள்ள உறவு பார்த்தாலே தெரிகிறது.

ரகளையும் கலாட்டாவும் சத்தத்தைச் சொல்கிற சொற்கள். ஒரே ஆள், குடித்துவிட்டு, யார் மேலும் கை வைக்காமல், தெருவில் நின்று ரகளை பண்ணலாம். கைகலப்பு அப்படித் தனியாகச் செய்யக்கூடியதில்லை. அமளியும் சத்தம்தான். (பழைய தமிழில் அமளி என்றால் படுக்கை. ஒரே சொல்லில் தூக்கமும் அதைக் கெடுப்பதும்.) சட்டசபை என்றால் பத்திரிகைகளுக்கு முதலில் வரும் சொல் அமளி. 2017 பிப்ரவரி 18 அன்று தமிழகச் சட்டசபையில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதம் கிழித்து எறிந்தார்கள், மைக்கை உடைத்தார்கள், அது அமளி. எதிர்க்கட்சி உறுப்பினர்களை அவைக்காவலர்கள் வெளியே தூக்கியபோது நடந்தது தள்ளுமுள்ளு. தன் சட்டை கிழிக்கப்பட்டதாகச் சபாநாயகர் தனபால் சொன்னார்; எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலின் கிழிந்த சட்டையோடு வெளியே வந்தார். இந்த இரண்டு சட்டைகளையும் எந்தச் சொல்லில் போடுவது என்பதில்தான் ஒவ்வொரு பத்திரிகையின் சார்பும் தெரிந்துவிடும். தாக்கினார்கள் என்று எழுதினால் ஒரு கட்சி, கைகலப்பு என்றால் இரண்டு கட்சியும் ஒன்று, அமளி என்றால் யார் மேலும் பழி இல்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 159ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் பொது இடத்தில் சண்டையிட்டுப் பொது அமைதியைக் குலைத்தால் அது ஒரு குற்றம். ஆங்கிலத்தில் அஃப்ரே என்பார்கள். அடுத்த பிரிவில் தண்டனை: ஒரு மாதம் வரை சிறை, அல்லது நூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சம்ஹிதாவில் இது 194ஆவது பிரிவு. ஒரு மாதம் அப்படியே இருக்கிறது, நூறு மட்டும் ஆயிரமாகிவிட்டது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பொது இடத்தில் நடக்க வேண்டும். வீட்டுக் கூடத்தில் நடந்தால் இந்தப் பிரிவு இல்லை. இரண்டாவது, இருவருமே சண்டையிட வேண்டும். ஒருவர் அடிக்க மற்றவர் வாங்கிக்கொண்டே இருந்தால் இது பொருந்தாது. அடித்தவர் மேல் காயம் விளைவித்த வழக்கு வரும். முன்பு 323, இப்போது 115(2), ஒரு வருடம் வரை சிறை. அங்கே குற்றவாளி ஒருவர், பாதிக்கப்பட்டவர் ஒருவர். அதே சட்டத்தில், தன்னைக் காத்துக்கொள்ளச் செய்தது குற்றமாகாது என்றும் இருக்கிறது. கையைத் தட்டிவிட்டவனை அடித்தவனோடு ஒரே வண்டியில் ஏற்றக் கூடாது என்பது சட்டத்துக்கே தெரியும். ஆட்கள் ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் சட்டவிரோதக் கூட்டம், கலகம் என்று பிரிவுகள் ஏறிக்கொண்டே போகும். ஸ்டேஷன் வாசலில் நடப்பது வேறு கதை. இரண்டு தரப்பும் புகார் கொடுக்கும், ‘கேஸ், கவுண்டர் கேஸ்’ என்பார்கள். “இரண்டு கை தட்டினாத்தான் ஓசை” என்று யாராவது ஒரு பெரியவர் சொல்வார், இருவரும் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து ஒரே கடையில் டீ குடிப்பார்கள்.

அந்தப் பழமொழி மேல் எனக்குக் கோபம் உண்டு. காரணத்தைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். ஒரு பகுதி நேர நிருபரிடமிருந்து ராத்திரி எட்டு வரி வந்தது. வாய்க்கால் தண்ணீர் திருப்புவதில் தகராறு, வாக்குவாதம் முற்றிக் கைகலப்பு, ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் சிகிச்சை. நான் ஒற்றுப் பிழை திருத்தி, ஒற்றைப் பத்தித் தலைப்பு போட்டு அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு வயதான அம்மா அலுவலகத்துக்கு வந்தார். பேப்பரை மடித்து முந்தானையில் முடிந்துவைத்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். “எம்புள்ள மம்பட்டியக் கீழ போட்டுட்டுத்தான் நின்னான். நாலு பேரு சேந்து அடிச்சாங்க. அவன் ஒரு கை ஓங்கல. நீங்க கலந்துக்கிட்டான்னு போட்டிருக்கீங்களே, சாமி” என்றார்.

கலந்துக்கிட்டான். அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த அம்மா சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்லிவிட்டார். கைகலப்பு என்றால் அவர் மகனும் கை கலந்தான் என்றுதான் அர்த்தம். ஊரில் எதிர்த்தரப்பு அந்தப் பேப்பரை வைத்தே “பேப்பர்லயே வந்திருச்சு, ரெண்டு பக்கமும்தான்” என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். மறுநாள் திருத்தம் போட்டோம், எட்டாம் பக்கத்தில், நான்கு வரி. அன்றிலிருந்து என் மேசைக்கு வந்த ஒவ்வொரு கைகலப்பையும் நிறுத்தி, நிருபரிடம் ஒரு கேள்வி கேட்பேன்: “எதிராளிக்கு என்ன காயம்?” பதில் வரவில்லையென்றால் அதைத் ‘தாக்குதல்’ என்று மாற்றுவேன். “நாலு பேர் சேர்ந்து தாக்கியதாகக் கூறப்படுகிறது” என்று போட்டால் வரி நீளும், நீளட்டும்.

சொல் சின்னதாகவும் சம்பவம் பெரிதாகவும் இருந்தால் வரும் கோளாறுக்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீனப் படைகள் மோதின. எல்லைக் கோட்டின் அருகே துப்பாக்கிச் சூடு கூடாது என்று 1996ஆம் ஆண்டு ஒப்பந்தம் இருப்பதால் சுடவில்லை. கல், இரும்புக் கம்பி, ஆணி அடித்த தடி இவற்றால் அடித்துக்கொண்டார்கள். இந்தியத் தரப்பில் 20 பேர் இறந்தார்கள், ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் அவர்களில் ஒருவர். முதலில் சேதி வந்தபோது துப்பாக்கி வெடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கைகலப்பு என்று சொன்னவர்களும் எழுதியவர்களும் உண்டு. இருபது உயிர் போன இடத்தில் அந்தச் சொல் நிற்காது. அங்கே மோதல்தான் சரி. ஆனால் 2022 டிசம்பர் 9 அன்று அருணாசலப் பிரதேசத்தின் தவாங் பகுதியில், யாங்ட்சே என்ற இடத்தில், அதே இரு படைகளும் மோதியபோது உயிரிழப்பு இல்லை, இரு தரப்பிலும் சிலருக்குக் காயம். பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் கைகலப்பு என்ற பொருளிலேயே அதைச் சொன்னார். அது அந்தச் சொல்லுக்குள் அடங்கும். யார் சண்டையிட்டார்கள் என்பதோ, எந்த எல்லையில் என்பதோ கணக்கில்லை. என்ன கருவி, என்ன சேதம், எத்தனை பக்கம் என்பதுதான் அளவு.

இலங்கைத் தமிழில் கைகலப்பு நம்மைவிடத் தாராளமாகப் புழங்குகிறது, பத்திரிகையிலும் பேச்சிலும். அங்கே சண்டை ‘போட’ மாட்டார்கள், சண்டை ‘பிடிப்பார்கள்’. அடிபிடி என்ற சொல்லும் உண்டு, கைகலப்புக்கு நெருங்கிய உறவு. தமிழ்நாட்டுக்காரர் கவனமாக இருக்க வேண்டிய சொல் ‘அடிபடுதல்’. மதுரையில் “ரெண்டு பேருக்கும் அடிபட்டிருச்சு” என்றால் காயம், ஆஸ்பத்திரி. யாழ்ப்பாணத்தில் “ரெண்டு பேரும் அடிபட்டவங்கள்” என்றால் தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள் என்று பொருள். பேச்சோடு நிற்கும் உரசலுக்குக் கொளுவல். வேண்டுமென்றே சீண்டிச் சண்டைக்கு இழுப்பது தனகுதல். தனகுதலுக்கு நேராக நம் பக்கம் ‘வம்புக்கு இழுக்கிறான்’ என்று இரண்டு சொல் வேண்டியிருக்கிறது, பொறாமையாகத்தான் இருக்கிறது. 2018 நவம்பரில் இலங்கை நாடாளுமன்றத்தில் நாற்காலியும் மிளகாய்த்தூளும் பறந்தன. மிளகாய்த்தூள் வந்தபிறகும் கைகலப்பு என்று எழுதலாமா என்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால், கை இன்னும் வெறுங்கையா என்று பாருங்கள் என்றிருப்பேன்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. கணவன் மனைவி.

இந்த இருவருக்கு இடையே வரும் சிறு சண்டைக்குத் தமிழில் சொல் பஞ்சம் கிடையாது. திருக்குறள் முடிகிற மூன்று அதிகாரமும் அதைப் பற்றியவைதான்: புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. “உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்” என்று அளவும் சொல்லியிருக்கிறார். சமையலுக்கு உப்பு மாதிரி, கொஞ்சம் கூடினால் போச்சு. புலவி முற்றினால் துனி. அதுவும் புலவியும் இல்லையென்றால் காமம் அழுகிய பழத்தையும் பிஞ்சையும் போல என்று இன்னொரு குறள். இவ்வளவு நுணுக்கமாகப் படி கட்டிய இந்த வரிசையில் கை எங்கும் வரவில்லை என்பதைப் பாருங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வது, பேசாமல் இருப்பது, தும்மினால் வாழ்த்திவிட்டு அப்புறம் யாரை நினைத்துத் தும்மினாய் என்று அழுவது, அவ்வளவுதான். பூசல் என்ற சொல்லும் அந்தக் காலத்தில் ஆரவாரம், புலம்பல் என்ற பொருளில்தான் குறளில் வருகிறது, ‘வாடுதோட் பூசல்’ என்று. இப்போது நாம் அதை உட்கட்சிப் பூசலுக்கு ஒதுக்கிவிட்டோம்.

ஆகவே வாய்ச்சண்டை என்றால் பிணக்கு, மனஸ்தாபம், சச்சரவு, வாக்குவாதம் என்று எழுதுங்கள். கை வந்துவிட்டால் யாருடைய கை என்று கேளுங்கள். ‘தம்பதி இடையே கைகலப்பு, மனைவி ஆஸ்பத்திரியில் அனுமதி’ என்ற மாதிரி வரிகள் என் மேசைக்கு மாதம் இரண்டாவது வரும். கணவனுக்கு என்ன காயம் என்று கேட்டால் ஒன்றும் இருக்காது. அந்த இடத்தில் நான் போட்டது ‘மனைவியைத் தாக்கிய கணவர்’. 2005ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குக் குடும்ப வன்முறை என்றே பெயர் வைத்திருக்கிறது, அதையும் எழுதலாம். இரண்டு பேருக்கும் காயம் இருந்து, இரண்டு பேரும் ஒருவரையொருவர் அடித்ததாகச் சொன்னால் கைகலப்பு என்று எழுதத் தடையில்லை. என் இருபது வருடத்தில் அப்படி வந்தது ஒரே ஒரு தடவை. விவாகரத்துக்காகக் கோர்ட்டுக்கு வந்த இருவர், வாசலில் ஆட்டோவில் யார் முதலில் ஏறுவது என்று அடித்துக்கொண்டார்கள். டிரைவர் விலக்கிவிடப் போயிருக்கிறார். காயம் மூன்று பேருக்கும்.